கல்லூரி வாசலும் அரசமைப்புச் சட்டமும்: கேள்வி பதில்

அரசியல் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உயர்கல்வி மக்களாட்சிக்கு என்ன செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். என்னால் முடிந்த பதில்கள் இதோ.

சார், நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். அரசமைப்புச் சட்டத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் சீட்டிலேயே இருக்கிறது, தம்பி. அந்தச் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு காரணமே சென்னை மாகாணத்தில் நடந்த கல்லூரிச் சேர்க்கைதான். அப்போது சாதி, மத வாரியாக இடங்களைப் பிரிக்கும் வகுப்புவாரி அரசாணை நடப்பில் இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோர், அரிசனர் (அன்றைய சொல்), பிராமணர் ஆகியோருக்கு ஆளுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியருக்குச் சேர்த்து 1. மருத்துவ இடம் தொடர்பாகச் செண்பகம் துரைராஜன் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் மாதமே நாடாளுமன்றம் 15(4) பிரிவைச் சேர்த்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிட்டது. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை!

செண்பகத்துக்கு மருத்துவ சீட் மறுக்கப்பட்டதா?

அவர் விண்ணப்பமே போடவில்லை. பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதாக மனுவில் சொன்னார். தீர்ப்பிலேயே இது இருக்கிறது. பொறியியல் இடம் கேட்டு உடன் வழக்குப் போட்டவர் விண்ணப்பித்திருந்தார்.

ஐயா, படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்திருந்தால் நாடு உருப்பட்டிருக்காதா?

வெள்ளைக்காரன் காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சொத்து, வரி, படிப்பு இவற்றில் ஏதாவது வேண்டும். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். உங்கள் யோசனைப்படி அன்றைக்கு நூற்றுக்கு எண்பது பேர் வெளியே நின்றிருப்பார்கள். பள்ளிக்கூடம் கேட்டு யாரிடம் போவார்கள்?

மாணவர்களுக்கு அரசியல் எதற்கு? படித்தால் போதாதா?

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அந்தத் தோல்வியில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு, அது வேறு கதை. மாணவர் தேர்தலில் அடிதடியும் பணமும் புகுந்தது உண்மைதான். அதைத் தடுக்கத்தான் மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழு விதிகளைப் பரிந்துரைத்தது; 2006இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள், அச்சிட்ட சுவரொட்டி கூடாது, 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். நான் வேலை பார்த்த கல்லூரியில் இந்தத் தொல்லையே வேண்டாமென்று கல்லூரி முதல்வரே மதிப்பெண் பார்த்து மாணவர் பேரவைத் தலைவரை நியமித்தார். பதினெட்டு வயதுக்காரன் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம், பேரவைத் தலைவரைக் கூடாதாம்!

கல்வி மாநிலப் பட்டியலில் இல்லையா?

முன்பு மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் இயற்றும் துறைகளின் பட்டியலில், இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் அதை மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. ஆனால் உயர்கல்வியின் தரத்தை வரையறுக்கும் அதிகாரம் 1950 முதலே மத்தியப் பட்டியலில்தான், 66ஆவது இனமாக, இருக்கிறது. எனவே பட்டியலைப் பழையபடி மாற்றினாலும் யுஜிசி (மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளை வைத்து மத்திய, மாநில அரசுகள் போடும் சண்டை ஓயாது.