வெளிநாட்டில் உயிர் மருத்துவ பிஎச்.டி.: கடலூர், புதுச்சேரி பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

மஞ்சக்குப்பத்தில் வளர்ந்தவள் நான். ஜெர்மனியில் ஒரு பன்னாட்டு ஆய்வுப்பள்ளியில் பிஎச்.டி. முடித்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஒரு பேராசிரியருக்கு நேரடியாக மெயில் போட்டுச் சேர்வதற்கும் ‘கிராஜுவேட் ஸ்கூல்’ வழியாகச் சேர்வதற்கும் என்ன வித்தியாசம்? (எம்.எஸ்சி. மாணவர், காலாப்பட்டு)

பெரிய வித்தியாசம் இருக்கிறது, தம்பி. நேரடியாகச் சேர்ந்தால் உங்கள் வாழ்க்கை முழுக்க ஒரே கைடின் கையில். கிராஜுவேட் ஸ்கூலில், அதாவது ஆய்வுப்பள்ளியில், ஒரு குழு உங்களைத் தேர்ந்தெடுக்கிறது. பல பள்ளிகளில் முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்களோ மாதங்களோ வேலை செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகே எந்த லேப் என்று முடிவு செய்யலாம். இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். ஜப்பானில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திலும் அமெரிக்காவின் பெரும்பாலான உயிர் மருத்துவத் துறைகளிலும் இந்த முறைதான்.

அதைவிட முக்கியம் ஆலோசனைக் குழு. கைடு தவிர வேறு லேப்களைச் சேர்ந்த இரண்டு மூன்று விஞ்ஞானிகள் வருடத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்ப்பார்கள். சில பள்ளிகளில், கூட்டத்தின் ஒரு பகுதியில் கைடை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உங்களிடம் தனியாகப் பேசுவார்கள். இப்படி ஒரு ஏற்பாடு இல்லாத இடத்துக்கு, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், நான் யாரையும் போகச் சொல்வதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் தாங்களே பட்டம் தருவதில்லை. 2000-இல் தொடங்கிய அவர்களுடைய பன்னாட்டு ஆய்வுப்பள்ளிகள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடப்பவை. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். ஹைடல்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் பன்னாட்டு பிஎச்.டி. திட்டமும் (1983 முதல் நடக்கிறது) அப்படித்தான்.

நான் மூன்று வருட பி.எஸ்சி. உயிர்வேதியியல். நேராக பிஎச்.டி. சேர முடியுமா? (பண்ருட்டி)

ஐரோப்பாவில் பொதுவாக எம்.எஸ்சி. வேண்டும். விதிவிலக்கு உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கனில் மூலக்கூறு உயிரியலுக்கும் நரம்பு அறிவியலுக்கும் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த திட்டங்கள் இருக்கின்றன. முதல் வருடம் கடுமையான பாடம், அப்புறம் தேர்வு. அதில் நன்றாகச் செய்தவர்கள் எம்.எஸ்சி. ஆய்வேடு எழுதாமலே பிஎச்.டி.க்குப் போகலாம். ஒகினாவாவிலும் இளநிலைப் பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் மூன்று வருடப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேடம், என் மகளுக்கு இடம் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சிக்காரர் லட்சக்கணக்கில் கேட்கிறார். நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். (ஒரு தந்தை, வில்லியனூர்)

ஐயா, தயவுசெய்து வைக்காதீர்கள். நல்ல உயிர் மருத்துவ ஆய்வுப்பள்ளி எதிலும் பணம் கொடுத்து இடம் வாங்க முடியாது. ஏஜென்ட் வழியாகச் சேர்க்கும் வழக்கமும் கிடையாது. எம்.எஸ்சி. போன்ற படிப்புகளில் அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கலாம், பிஎச்.டி.யில் அவர்களுக்கு வேலையே இல்லை.

உங்கள் மகள் தேர்வானால் பணம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். அமெரிக்காவில் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு மாதாமாதம் உதவித்தொகையும் தரும். மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப்பள்ளிகளில் பெரும்பாலும் வேலை ஒப்பந்தமே போடுகிறார்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது ஆங்கிலத் தேர்வு (கேட்டால்), டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் விவரச் சான்று), விசா, முதல் விமானச் சீட்டு, முதல் மாதச் செலவு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டணமும் உண்டு, கேட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். மாக்ஸ் பிளாங்க் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. நிலம் இருக்கட்டும் ஐயா.

அக்கா, என் எம்.எஸ்சி. பிராஜெக்டில் கொசு லார்வா எண்ணியதுதான் வேலை. இதை எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையில்) எப்படி எழுதுவது? வெளிநாட்டு மாணவர்கள் ஸ்டெம் செல் அது இது என்று எழுதுவார்களே. (அரியாங்குப்பம்)

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. காரணம், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கையில் நல்ல சரக்கை வைத்துக்கொண்டு அதை மறைக்கிறார்கள்.

நீங்கள் இருப்பது எந்த ஊர் என்று பாருங்கள். கொசு முதலிய பூச்சிகளால் பரவும் நோய்களை ஆராய்வதற்காகவே 1975-இல் தொடங்கிய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு மையம் புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கிறது. யானைக்கால் நோய் நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க இருந்தது. அந்த நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் தங்கிவிட்டு, நடு இரவை ஒட்டித்தான் தோலுக்குப் பக்கத்து ரத்தத்துக்கு வருகின்றன. அவற்றைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவும் இரவில்தான் கடிக்கிறது. அதனால்தான் ஆய்வுக்காரர்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பார்கள். ஒரு ஒட்டுண்ணிக்கு நேரம் எப்படித் தெரிகிறது? எந்த நாட்டு ஆய்வுப்பள்ளியும் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கும் கேள்வி இது.

“எனக்குச் சிறு வயது முதல் அறிவியலில் ஆர்வம்” என்று தொடங்கும் எஸ்.ஓ.பி.க்களைத் தேர்வுக் குழு வருடா வருடம் பார்க்கிறது. நீங்கள் இப்படி எழுதுங்கள்: எந்தச் சாக்கடையில் எண்ணினீர்கள், ஏன் அந்த இடம், எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து எங்கே மாறியது, ஏன் மாறியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள், இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் எந்தக் கன்ட்ரோலை (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியை) சேர்ப்பீர்கள். இதைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் எடுப்பார்கள். பி.சி.ஆர்., வெஸ்டர்ன் பிளாட் போன்ற லேப் உத்திகளையெல்லாம் போன பிறகு கற்றுக்கொள்ளலாம்.

சாரிடம் ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்டால், “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்கிறார். (சிதம்பரம்)

எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பும் கடிதங்கள் எல்லாம் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அது நேர்மையும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: அவரிடம் எந்த வருடம் என்ன படித்தீர்கள், பிராஜெக்டில் என்ன சிக்கல் வந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள், எந்தப் பள்ளிக்கு எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பாதி ஆசிரியர்கள் நேரமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறார்கள். குறிப்பு கையில் இருந்தால் அவர்களே எழுதிவிடுவார்கள். கடிதத்தை அவர் நேராகப் பள்ளியின் தளத்தில்தான் ஏற்ற வேண்டும். கல்லூரி மெயில் முகவரியையே கொடுக்கச் சொல்லுங்கள். ஜிமெயிலைச் சில இடங்களில் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டது. இங்கேயே சேரலாமா? (நெய்வேலி)

தாராளமாக. 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் தருகிறார்கள். உங்கள் கேள்விக்கு ஏற்ற லேப் இந்தியாவிலேயே இருந்தால் வெளிநாடு போக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜிப்மரில் ஹவுஸ் சர்ஜன். எம்.டி.யா, பிஎச்.டி.யா? ஜெர்மனி போனால் பிஎச்.டி. செய்துகொண்டே மருத்துவமும் பார்க்க முடியுமா? (கோரிமேடு)

முடியாது, டாக்டர். அங்கே நோயாளியைத் தொட தனி உரிமம் வேண்டும். அதற்கு ஜெர்மன் மொழித் தேர்வு உண்டு. இன்னொன்று, அங்கே மருத்துவ மாணவர்கள் வாங்கும் டாக்டர் மெட். பட்டம் வேறு, மூன்று நான்கு வருடம் முழுநேரமாக லேப்பில் இருந்து வாங்கும் பிஎச்.டி. வேறு. நோயாளியைப் பார்க்காமல் அத்தனை வருடம் இருக்க முடியுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். முடியும் என்றால் வாருங்கள். வார்டில் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் ஆய்வுக்குக் கிடைப்பது அபூர்வம்.

எலியைக் கொல்ல என்னால் முடியாது. அப்படியானால் இந்தத் துறை எனக்கு வேண்டாமா? (ஜைனக் குடும்பத்து மாணவி, முத்தியால்பேட்டை)

வேண்டும், பாப்பா. ஈஸ்ட், செல் வளர்ப்பு, ஆர்கனாய்டு (செல்களிலிருந்து லேப்பில் வளர்க்கும் குட்டி உறுப்பு மாதிரி), கணினி உயிரியல் என்று விலங்கே தொடாத லேப்கள் நிறைய உண்டு. விலங்குகளைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது என்ற மூன்று விதிகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1959-லேயே எழுதிவிட்டார்கள். ஐரோப்பாவில் விலங்குச் சோதனைச் சட்டமே அதன் மேல்தான் நிற்கிறது. இன்டர்வியூவிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதற்காக உங்களைக் குறைவாக நினைக்கும் லேப்பில் நான்கு வருடம் இருக்க வேண்டாம்.

எப்போது தொடங்க வேண்டும்? (பலர்)

அமெரிக்க டெட்லைன்கள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். ஐரோப்பாவில் பள்ளிக்குப் பள்ளி மாறும், பல இடங்களில் இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரை. ஜூன், ஜூலையிலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் அது எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆசிரியர்களும் செமஸ்டர் தேர்வு நேரத்தில் கடிதம் எழுத மாட்டார்கள்.