மகள் உலக வரலாறு படிக்கட்டுமா? கோவில்பட்டி அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் ஐயா. மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் நன்றாகப் படிக்கிறாள், பி.காம். சேர்த்தால் ஏதோ ஒரு வேலை நிச்சயம், அவளோ நவீன உலக வரலாறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவளுக்கு என்ன பழக்குவார்கள் என்று பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். ஆவணத்தைப் படித்துச் சொந்தமாக எழுதத் தெரிந்து, கூடவே ஒரு அயல்மொழியும் கைவசம் இருந்தால் வரலாறு படித்தவருக்குப் பல வழிகள் உண்டு. நோட்ஸை மனப்பாடம் செய்து தேறியவர் பட்டம் வாங்கிய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

"ராஜாக்கள் சண்டை போட்ட தேதியைப் படித்து என்ன ஆகப்போகிறது" என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கரிசல் பருத்தியையே எடுத்துக்கொள்வோம். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் கப்பற்படை தென் மாநிலத் துறைமுகங்களை அடைத்தது. அங்கே அடிமைகள் விளைவித்த பஞ்சு வராததால் இங்கிலாந்தில் லங்காஷயர் மில்கள் முடங்கின, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். மில்காரர்களின் பார்வை இந்தியப் பஞ்சின் மேல் திரும்பியது. விலை மளமளவென்று ஏறியது, பம்பாயில் பணம் புரண்டது, திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஏறிய விலையில் லாபம் யாருக்குப் போனது, சரிந்தபோது கடன் யார் தலையில் விழுந்தது? உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது இதைத்தான். இன்று டாலர் விலையையும் ஏற்றுமதித் தடையையும் பார்த்து முடிவெடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் இப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் தேவை.

சரி, கல்லூரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு சேர பிளஸ் டூவில் வரலாறு எடுத்திருக்க வேண்டியதில்லை, வணிகவியல் மாணவியும் சேரலாம். நேரில் போகும்போது துறை ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மாணவர்கள் கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்களா? ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போகிறீர்களா? சென்னையில் எழும்பூரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக் காகிதங்களைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருகிறார்கள். பக்கத்தில் இருந்துகொண்டே ஒரு தடவைகூட மாணவர்களை அங்கே அனுப்பாத கல்லூரி என்றால் எனக்குத் தயக்கம்தான். டெல்லிப் பல்கலைக்கழகம் மனதில் இருந்தால் க்யூஈடி (CUET) என்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் தேதி வழக்கமாக பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் நிறைய.

மொழியை முதல் வருடமே தொடங்கிவிட வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து வியட்நாமின் சைகோன் போன தமிழர்களைப் பற்றி ஆராய பிரெஞ்சு வேண்டும், டேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு டேனிஷ், டச்சுக்காரர் ஆண்ட நாகப்பட்டினத்துக்கு டச்சு. ஆங்கிலமும் தமிழும் மட்டும் தெரிந்தவர்கள் ஏராளம். மூன்றாவது மொழி தெரிந்தவருக்கு ஆய்வு மட்டுமின்றி மொழிபெயர்ப்பு, தூதரகம், வெளிநாட்டு நிறுவனம் என்று வேறு கதவுகளும் இருக்கின்றன.

வேலை பற்றிச் சொல்கிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் முதல் பொது அறிவுத் தாளில் 18ஆம் நூற்றாண்டு முதலான உலக வரலாறு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, விருப்பப் பாடமாகவும் வரலாறு எடுக்கலாம். ஆனால் அந்த ஒரு தேர்வை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். மூன்று வருட சட்டப் படிப்பு, இதழியல், பி.எட். முடித்து ஆசிரியர் பணி எல்லாம் இருக்கின்றன. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமா நம் பிள்ளைகள் அதிகம் அறியாத ஒன்று. எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் என்ற தேசிய தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயுடன் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். தொடக்கச் சம்பளம் பி.காம். தோழியைவிடக் குறைவாக இருக்கலாம், நிலையான வேலை அமையச் சில வருடம் கூடுதலாகவும் ஆகலாம். 21 வயதில் அவள் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலை வீட்டில் இருந்தால் அதை அவளிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

வெளிநாட்டு எம்.ஏ.வுக்குக் கடன் வாங்க இப்போதே யோசிக்க வேண்டாம். பெர்லினில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உலக வரலாற்றில் எம்.ஏ.வை ஆங்கிலத்திலேயே நடத்துகின்றன, கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்காக ஒரு வருடச் செலவாக ஏறக்குறைய 12,000 யூரோ, நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல், வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். பி.ஏ. இரண்டாம் வருடத்தில் அதைப் பேசிக்கொள்ளலாம்.

அதற்குள் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல், அங்குள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். ஒரு பக்கத்தை மகளிடம் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது, எதை இது சொல்லவில்லை என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிறகு அவள் எழுதியதை நீங்கள் படியுங்கள். அவள் ஆர்வமாக உட்கார்ந்து எழுதினால் க்யூஈடி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பங்களும் கையில் இருக்கட்டும். பாதியிலேயே சலித்துவிட்டால் பி.காம். பற்றி அவளே உங்களிடம் பேசுவாள்.