நைட்டு சிடி ஸ்கேன் ரூம்ல ஒத்த ஆளா முடியலன்னு எழுதுன தம்பிக்கு

தம்பி, ரிப்போர்ட் லேட்டானா பேஷண்ட் கூட வந்தவங்க ஒன்னயத்தேன் வையுறாங்க, வீட்டுக்குப் போனா தூக்கமும் வரலன்னு போட்டிருந்த. ரிப்போர்ட் போடுறது டாக்டரு, ஏச்சு வாங்குறது ஸ்கேன் எடுக்குற டெக்னீசியன் நம்ம, மாட்டுத்தாவணி பக்கம் ஒரு சென்டர்ல இதே கூத்த நானும் அஞ்சு வருசம் பாத்தவன்தேன்.

ஒவ்வொரு கேசும் எப்ப வந்துச்சு, எப்ப ஸ்கேன் முடிஞ்சுச்சு, எப்ப ரிப்போர்ட் வந்துச்சுன்னு ஒரு மாசம் நோட்டுல எழுதி வையி, சும்மா வேலை ஜாஸ்தி சார்னு பொத்தாம்பொதுவா சொன்னா எந்த மேனேஜரும் அசைய மாட்டாரு, எழுதுனத நீட்டுனாத்தேன் ரெண்டாவது ஆளப் பத்தி பேச்சே வரும்.

நம்ம மேல எவ்வளவு கதிர்வீச்சு பட்டுச்சுன்னு அளக்க சட்டையில மாட்டுற டிஎல்டி பேட்ஜ் ரீடிங்க காட்டவே மாட்டேங்குறாங்கன்னியே, எனக்கு அதுலதேன் கோவம். கதிர்வீச்சு பாதுகாப்ப பாக்குற மத்திய அமைப்பு ஏஇஆர்பி கணக்குல, நம்ம மேல படுற டோஸ் அஞ்சு வருச சராசரியா வருசத்துக்கு 20 மில்லிசீவர்ட்ட (கதிர்வீச்சு டோஸ அளக்குற அலகு) தாண்டக்கூடாது, எந்த ஒரு வருசமும் 30அ தாண்டக்கூடாது. ஒனக்கு வந்த டோஸ் என்னன்னு ஆர்எஸ்ஓகிட்ட (சென்டர்ல கதிர்வீச்சு பாதுகாப்புக்கு பொறுப்பான ஆபீசரு) எழுத்துலயே கேளு. மெஷினுக்கு வெளிய கன்சோல் ரூம்ல ஒக்காந்து எடுக்குற நமக்கு பெரும்பாலும் அது கிட்டக்கூட வராது, நம்பரப் பாத்தா பாதி பயம் போயிரும்.

அப்புறம் வீட்டுக்குப் போயி தூக்கம் வரணும்னா விடியக்காலம் மூணு மணி டீய விடு (எனக்கே கஷ்டமாத்தேன் இருந்துச்சு). மனசு ரொம்ப அழுத்துச்சுன்னா அரசோட மனநல உதவி லைன் டெலிமானஸ் 14416க்கு அடி, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.