மீட்டர் 13.1 காட்டுகிறது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

கேள்வி: “ஏழு வருடமான 150 சிசி பைக். போன வருடம் பேட்டரி போய்ப் புதிதாகப் போட்டேன், ஒன்பது மாதத்தில் இறங்கிவிட்டது. இப்போது இருப்பது 12 வோல்ட், 9 ஏ.எச். போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலை செல்ஃப் ‘டிக் டிக்’ என்கிறது, ஹாரன் முனகுகிறது. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, ‘13.1 வருது, சார்ஜ் ஆகுது, பேட்டரிதான் வீக்’ என்கிறார். ஜி.பி.எஸ். டிராக்கரும் இரண்டு எல்.இ.டி. ஃபாக் லைட்டும் மாட்டியிருக்கிறேன். கம்பெனி 3 கிலோமீட்டர்தான். மூன்றாவதாக ஒரு பேட்டரி வாங்கவா சார்?” (திருப்பூர் வாசகர்)

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதல் பேட்டரி வயதாகிப் போயிருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு புது பேட்டரி ஒரே மாதிரி படுக்கிறது என்றால் தப்பு பேட்டரியில் இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். டிராக்கர் 30 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டரை நாள், அதாவது 60 மணி நேரத்தில் அது தின்பது 1.8 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரி பிடிக்கும் சார்ஜின் அளவு). 9 ஏ.எச். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. முழுதாக ஏறிய பேட்டரி இதற்கெல்லாம் படுக்காது. உங்கள் பேட்டரி, பைக்கை நிறுத்துகிற அன்று இரவே அரைவயிற்றோடுதான் தூங்கப் போகிறது. டிராக்கர் மிச்சத்தைக் காலி செய்கிறது, அவ்வளவுதான்.

அந்த 13.1 வோல்ட்டுக்கு வருவோம். மெக்கானிக் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. எஞ்சின் ஐடிலில் இருந்ததா, ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்தாரா? ஃபாக் லைட் எரிந்ததா? ஐடிலில் 13.1 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. 4000 ஆர்.பி.எம்.மிலும் அதே 13.1 நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி சும்மா நிற்கும்போதே முழு சார்ஜில் 12.7, 12.8 காட்டும். அதற்குள் மேற்கொண்டு சார்ஜைத் தள்ள 13.8-இலிருந்து 14.5 வரை வேண்டும். 15-ஐத் தாண்டினால் எதிர்ப் பிரச்சினை: பேட்டரிக்குப் போகும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் போயிருக்கும், பேட்டரி உப்பும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகும்.

300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள். முதலில், இரவு முழுக்க நின்ற பைக்கில், சாவி போடாமல் பேட்டரியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 பாதி, 12.0 கால்வாசிதான். எவ்வளவு சார்ஜ் செய்தும் 10.5 பக்கமே நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று செத்துவிட்டது. அப்போது மட்டும் பேட்டரியைக் குறை சொல்லலாம். ஓட்டி வந்து நிறுத்திய உடனே அளக்காதீர்கள், கொஞ்ச நேரத்துக்கு எண் உயர்த்தியே காட்டும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து 4000-இல் பிடித்துக்கொண்டு, ஃபாக் லைட் எரியும்போது ஒன்று, அணைத்துவிட்டு ஒன்று என இரண்டு முறை பாருங்கள். அணைத்ததும் 13.1 குதித்து 14.2 ஆகிறதா? அப்படியானால் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, சுமைதான் கூடிவிட்டது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் ஹெட்லைட் தானாகவே எரிந்துகொண்டிருக்கும். 35 வாட் பல்பு என்றால் அது ஒன்றே 3 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஃபாக் லைட் ஜோடி 40 வாட் என்றால் இன்னொரு 3. சிக்னலுக்குச் சிக்னல் ஐடிலில் நிற்கிற 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் காயில் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் சுருள்) கொடுப்பது லைட்டுக்கே சரியாகப் போய்விடும், பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? பகலில் ஃபாக் லைட்டை அணையுங்கள், வாரம் ஒரு தடவை அவிநாசி வரை போய் வாருங்கள். பாதி வியாதி அதிலேயே தீரும்.

அணைத்தும் எண் ஏறவில்லையா? அங்கேதான் பலர் நேராக ரெகுலேட்டரையோ காயிலையோ மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, ஏனோ யாரும் செய்வதில்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் பாசிட்டிவ் வயரிலும், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். எஞ்சின் 4000-இல் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வயர் என்பதால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2, 0.3 வரை பரவாயில்லை. ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் வழியிலேயே எங்கேயோ சூடாகித் தொலைகிறது என்று அர்த்தம். எர்த் பக்கமும் இதே போல: எஞ்சின் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் பழைய பைக்கில் ஒரு கடையில் ரெகுலேட்டரை மாற்றினார்கள், சரியாகவில்லை. காயிலையும் மாற்றச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சைடு கவரைக் கழற்றி, ரெகுலேட்டர் கப்ளரை, அதாவது வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் செருகியை இழுத்தேன், வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பியதும் பாதி பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி பின்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மற்ற பின்கள் பளிச்சென்று இருக்க, ஒன்று மட்டும் காப்பிப்பொடி நிறத்தில் கருகி, ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மழைத் தண்ணீர் போய் பின் துருப்பிடித்திருக்கிறது, பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது, சூட்டில் இன்னும் தளர்ந்திருக்கிறது. கப்ளரை வெட்டிவிட்டுப் புதுப் பின் போட்டேன். 12.9-இல் நின்றது 14.3 ஆனது. உங்களுடையதிலும் முதலில் அங்கேதான் பார்க்கச் சொல்வேன். பேட்டரி டெர்மினல் போல்ட்டையும், ஃபியூஸ் செருகும் இடத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

வயரெல்லாம் சுத்தம், எண் மட்டும் ஏறவில்லை என்றால் காயில். எஞ்சினை நிறுத்திவிட்டு மேக்னட் பக்கமிருந்து வரும் கப்ளரைக் கழற்றுங்கள். மூன்று மஞ்சள் வயர் இருந்தால், மீட்டரை ஏசி 200-க்கு மாற்றி, ஸ்டார்ட் செய்து, இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் 4000-இல் அளக்க வேண்டும். பைக்குக்குப் பைக் மாறினாலும் 40-இலிருந்து 70 வோல்ட் வரை எதிர்பார்க்கலாம். கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுருக்கென்று அடிக்கும். எவ்வளவு என்பதைவிட மூன்றும் சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 55, 55, 20 என்றால் காயில் எரிந்திருக்கிறது. பிறகு எஞ்சினை நிறுத்தி, மஞ்சள் வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் கன்டின்யூட்டி (இரண்டுக்கும் தொடர்பு இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும் சோதனை) பாருங்கள். பீப் வந்தால் எர்த் ஆகிவிட்டது. ஆனால் சில சின்ன பைக்குகளில் காயிலின் ஒரு முனையை கம்பெனியிலேயே பாடியில் எர்த் செய்திருப்பார்கள். அதில் பீப் வரத்தான் செய்யும், நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதும் ஒரு தடவை செய்யுங்கள். குளிர்ந்தால் நல்லபிள்ளை, சூடானால் ஷார்ட் என்று நாடகமாடும் காயில்கள் உண்டு.

காயில் சரி, வயர் சரி என்றால் மிச்சம் ரெகுலேட்டர்தான், மாற்றிவிடலாம். ஃபாக் லைட் கிளாம்ப் அதன் மேல் காற்று படாமல் மறைக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான பைக் ரெகுலேட்டர்கள் மிச்சக் கரண்டை ஷார்ட் செய்துதான் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும். அதில் தானும் சூடாகும், காயிலையும் சும்மா இருக்க விடாது. அதனால் “ஹெட்லைட்டை எல்.இ.டி. ஆக்கினால் காயிலுக்கு ஓய்வு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டரிக்கு மிச்சமாகும், காயிலுக்கு அல்ல.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நின்றுபோகிறதா என்று பார்ப்பதை இன்னும் சில இடங்களில் ‘சார்ஜ் டெஸ்ட்’ என்கிறார்கள். யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி இல்லாத நேரத்தில் எகிறும் வோல்ட்டேஜ் ரெகுலேட்டரையோ மீட்டர் போர்டையோ ஒரே நொடியில் காலி செய்துவிடும்.

டிராக்கரையும் ஒரு கை பார்த்துவிடலாம். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் குழியில் செருகி வையுங்கள். நடுவில் சாவியைப் போட்டுவிடாதீர்கள், செல்ஃப் பட்டனைத் தொட்டால் மீட்டர் அவ்வளவுதான். கடிகாரமும் டிஜிட்டல் போர்டும் சில மில்லிஆம்பியர் இழுப்பது சகஜம். 50-ஐத் தாண்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். போகிறது, ஒரு வாரத்தில் பேட்டரி காலி. டிராக்கர் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

எந்தப் பழுதை சரி செய்தாலும், பட்டினி கிடந்த இந்த பேட்டரியை வண்டியே ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கழற்றி, 0.9 ஆம்பியர் அளவில், அதாவது ஏ.எச்.-இல் பத்தில் ஒரு பங்கில், நிரம்பும் வரை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். இரவு கொடுத்துவிட்டுக் காலையில் வாங்கிக்கொள்ளலாம். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரில் அரை மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சார்ஜ் செய்து ஒரு இரவு வைத்துவிட்டு, செல்ஃப் அமுக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 10-க்கு மேலே நின்றால் பேட்டரி பிழைத்தது. 9-க்குக் கீழே போனால் அதுவும் கெட்டுவிட்டது. ஐந்து மாதம்தான் ஆகிறது என்பதால் வாரண்டி இருக்கும். சார்ஜ் ஆன பேட்டரியோடும், எழுதிவைத்த இந்த எண்களோடும் கடைக்குப் போங்கள். காலியான பேட்டரியைக் கொண்டுபோனால் “சார்ஜ் போட்டு வாங்க” என்று திருப்பித்தான் அனுப்புவார்கள்.