லேசர் அல்ட்ராசவுண்டுக்காக டாப்ளர் ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 63 வயது. வெந்நீர் கொட்டியதில் வலது முழங்காலுக்குக் கீழே முன்புறம் முழுதும் புண்ணாகிவிட்டது. படுத்தே இருப்பதால் கால் வீங்கியிருக்கிறது. இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். புண்மேல் கருவியை அழுத்துவார்களே என்று அம்மா பயப்படுகிறார். உடலைத் தொடாமல் லேசரால் அல்ட்ராசவுண்ட் எடுக்கும் முறை வந்துவிட்டதாகப் படித்தேன். அது எங்கே கிடைக்கும்? பாதுகாப்பானதா?

பதில்: நீங்கள் படித்தது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2019 இறுதியில் வெளியிட்ட ஆய்வைப் பற்றியதாக இருக்கக்கூடும். ஆய்வு உண்மையானதுதான். ஆனால் மருத்துவமனையில் நோயாளிக்குப் பயன்படுத்தும் கருவியாக அது இன்னும் வரவில்லை. ஆகவே அதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வழக்கமான ஸ்கேனில், மின் துடிப்பு பட்டால் அதிரும் படிகங்கள், உடலில் வைத்து அழுத்தும் கருவியான புரோபுக்குள் இருந்து ஒலியை அனுப்புகின்றன, திரும்பிவரும் எதிரொலியையும் அவையே வாங்குகின்றன. தோலுக்கும் புரோபுக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஏறத்தாழ முழு ஒலியும் அங்கேயே திரும்பிவிடும் என்பதால்தான் ஜெல் தடவி அழுத்துகிறார்கள். லேசர் முறையில் அந்த இடைவெளியை ஒளி கடந்துவிடுகிறது. மிகக் குறுகிய லேசர் துடிப்பு ஒன்றைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சி, நொடியின் மிகச் சிறு பங்கில் இலேசாகச் சூடாகி விரிய, அந்த விரிவே ஒலி அலையாக உள்ளே பாய்கிறது. எதிரொலி மேலே வந்து தோலை அசைக்கும்போது, இரண்டாவது லேசர் தன் ஒளி திரும்பி வருவதில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அந்த அசைவை அளக்கிறது. ஒளி தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது, ஆழத்துக்குப் போய்வருவது ஒலி மட்டுமே. அந்த ஆய்வில் அரை மீட்டர் தொலைவிலிருந்து தன்னார்வலர்களின் முன்கையைப் படமெடுத்து, சுமார் 6 சென்டிமீட்டர் ஆழம் வரை கொழுப்பு, தசை ஆகியவற்றின் எல்லைகளைக் கண்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய 1500 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீரே உறிஞ்சிவிடுவதால், பாதுகாப்பு வரம்புக்கு உட்பட்ட ஆற்றலில் அது விழித்திரையை எட்டுவதில்லை. அந்த வரம்புகள் நலமான தோலையும் கண்ணையும் வைத்து வகுத்தவை. வெந்து உரிந்த தோலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். படமெடுப்பதிலும் தொல்லைகள் உண்டு. சென்டிமீட்டர் கணக்கில் ஆழம் போய் வந்த எதிரொலி தோலை அசைப்பது நானோமீட்டர் அளவில்தான். மூச்சு விடுவதும் நாடி துடிப்பதும் அதைவிடப் பல மடங்கு பெரிய அசைவுகள். சொரசொரப்பான தோல் ஒளியைச் சிதறடிப்பது இன்னொரு தொல்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் தாயாரின் சோதனையில் அழுத்துவதுதான் சோதனையே. நலமான சிரையைப் புரோபால் அழுத்தினால் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் ஒட்டாது. தொடாமல் எடுக்கும் எந்தப் படமும், அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இதைச் செய்து காட்டாது. (2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மார்பகக் கட்டிகளை ஆராயும் லேசர் கருவியைப் பற்றியும் படித்திருப்பீர்கள், அதையும் ஜெல் தடவி உடலில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.)

அழுத்திப் பார்க்கும் முக்கிய இடங்கள் தொடை இடுக்கும் முழங்காலின் பின்குழியும். நீங்கள் எழுதியபடி புண் முன்புறத்தில்தான் என்றால், அதைத் தொடாமலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். கெண்டைக்காலில் வலியால் சரியாகப் பார்க்க முடியாவிட்டால், ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பது வழக்கம். ஸ்கேன் மையத்திடம் தீக்காயம் இருப்பதை முன்னதாகவே சொல்லி, கிருமி நீக்கிய ஜெல்லும் புரோப் உறையும் வேண்டும் என்று கேளுங்கள். கட்டு மாற்றும் நேரத்தோடு ஸ்கேனைச் சேர்த்து வைத்தால் புண்ணை இருமுறை திறக்க வேண்டியதில்லை. வலி மாத்திரையை எவ்வளவு நேரம் முன்பு கொடுக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள்.