ஈரக் கையில் நழுவாத கைப்பிடி

கேள்வி: மீன் வெட்டும் கத்திக்கு ஃப்யூஷன் என்ற கணினி வரைவு மென்பொருளில் வளைந்த கைப்பிடி வரைகிறேன். குறுக்குவெட்டுகளை இணைத்து உருவமாக்கும் லாஃப்ட் கட்டளை கொடுத்தால் முறுக்கிக்கொள்கிறது. சில நேரம் பிழை காட்டி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், பாம்பன்

பதில்: குறுக்குவெட்டு ஒன்றில் நாலு கோடு, அடுத்ததில் எட்டு என்றிருந்தால் முறுக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் நீள்வட்டமாகவே போடுங்கள். 120 மி.மீ. நீளத்துக்கு ஐந்து போதும்: நடுவில் 34க்கு 24, ஆள்காட்டி விரல் பதியும் இடத்தில் 28க்கு 20. அதற்கு முன்னால், அலகை ஒட்டி, கட்டாயம் ஒரு மேடு வையுங்கள். மீன் கோழை பட்ட கை அலகை நோக்கித்தான் சறுக்கும்.

பிழைக்குப் பெரும்பாலும் லாஃப்டுக்கு வழிகாட்டும் ரெயில் கோடே காரணம். அது ஒவ்வொரு நீள்வட்டத்தையும் தொட்டே ஆகவேண்டும். கண்ணுக்குத் தொட்டதுபோல் தெரிந்தால் போதாது, புள்ளியைக் கோட்டோடு ஒட்டவைக்கும் கோயின்சிடென்ட் கொடுத்துப் பூட்டுங்கள். ரெயிலாக வரையும் ஸ்ப்லைன் வளைகோட்டில் புள்ளி கூடினால் பரப்பு அலையடிக்கும், நாலைந்தோடு நிறுத்துங்கள். பிறகு பரப்பின் மேல் கறுப்பு வெள்ளை வரிகளைக் காட்டும் ஸீப்ரா பார்வையில் பாருங்கள். வரி ஒடிந்த இடம் உள்ளங்கையில் உறுத்தும்.