நாற்பதாயிரம் தோட்டா சுட்ட ரிவால்வரை வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன், கிரீன் கார்டு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரந்தோறும் சுடுதளத்தில் காகித இலக்குகளைச் சுட்டுப் பழகுகிறேன். அங்கு வரும் பெரியவர் ஒருவர், 1970-களில் தாம் புதிதாக வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 25-2 ரிவால்வரை (.45 ஏசிபி தோட்டாவுக்கானது, ஆறரை அங்குல பேரல்) எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். நாற்பதாயிரம் தோட்டாக்களுக்கு மேல் சுட்டிருப்பதாக அவரே சொல்கிறார். இவ்வளவு உழைத்த துப்பாக்கியில் துல்லியம் மிஞ்சியிருக்குமா?

பதில்: எண்ணிக்கையை அவர் மறைக்காமல் சொன்னதே நல்ல அறிகுறி, அதைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1955-இல் இலக்குப் போட்டிக்கென்றே வெளிவந்து, 1957-இல் மாடல் 25 என்று எண் பெற்ற இந்த ரிவால்வர், அந்நிறுவனத்தின் என்-ஃபிரேம் எனப்படும் பெரிய சட்டத்தில் அமைந்தது. .44 மேக்னம் தோட்டாவின் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு அழுத்தத்தையே தாங்கும் அந்தச் சட்டத்துக்கு, 21,000 பவுண்டைத் தாண்டாத .45 ஏசிபி ஒரு சுமையே அல்ல. போட்டியாளர்கள் வழக்கமாகச் சுடும் மென்மையான ஈயக் குண்டுகள் பேரலின் வரிப்பள்ளங்களை அவ்வளவு எளிதில் தேய்ப்பதுமில்லை. பழைய ரிவால்வரில் துல்லியம் குறைவது பெரும்பாலும் பேரலால் அன்று. சிலிண்டர் எனப்படும் சுழலும் உருளையில் தோட்டா அமரும் ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகப் பேரலுக்கு நேரே வந்து நிற்கும் ஒழுங்கு குலைவதால்தான்.

ஆகவே அந்த ஒழுங்கைச் சோதியுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, உரிமையாளரின் அனுமதியுடன், சிலிண்டரின் மீது விரலை மெல்ல அழுத்தி லேசான தடை கொடுத்தபடி, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹாமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் முழுவதும் பின்வந்து நிற்பதற்குள் சிலிண்டரின் பூட்டு 'டக்' என்று பள்ளத்தில் விழவேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே இதைச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது உண்டு. அப்படிப் பிந்தினால், சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் நெம்புகோல் தேய்ந்திருக்கலாம். அது மாற்றக்கூடிய உதிரிபாகம்தான். துப்பாக்கிப் பழுதாளர் கேட்கும் கூலியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடால் அளந்தால் 0.004 முதல் 0.006 அங்குலம் வரை இருப்பது மிக நன்று, 0.010-ஐத் தாண்டினால் வேண்டாம். சிலிண்டரைத் திறந்து மெதுவாக மூடும்போது கடைசியில் அழுத்தித்தான் பூட்ட வேண்டியிருந்தால், சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்திருக்கலாம். சினிமாவில் வருவதுபோல மணிக்கட்டை உதறி மூடுபவர்கள் செய்யும் சேதம் இது.

நான் மிக முக்கியமாகக் கருதுவது, குண்டு வெளியேறும் அறைகளின் முன்வாய். 0.452 அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டொன்றை எடுத்து, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வாயிலும் வைத்துப் பென்சிலால் மெல்லத் தள்ளுங்கள். சிறு எதிர்ப்புடன் உள்ளே சென்றால் நல்லது. தானாகவே விழுந்தால் வாய் பெரிது, அங்கே எந்தப் பழுதாளராலும் உலோகத்தைச் சேர்க்க முடியாது. இதே வரிசையில் .45 கோல்ட் தோட்டாவுக்கான 25-5 மாடலின் தொடக்ககாலப் பிரதிகள் பலவற்றில் வாய் 0.456 அங்குலம் வரை அகன்றிருந்ததால், அவை ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும் என்று பெயர் பெற்றன.

இவை தேறினால், 25 கஜ தூரத்தில் கையை மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள். அறைகளுக்கு மார்க்கரால் எண்ணிட்டு, ஒவ்வோர் அறைக்கும் ஐந்து தோட்டாவும் ஒரு தனி இலக்கும் ஒதுக்குங்கள். நான் சோதித்த ஒரு ரிவால்வரில் ஐந்து அறைகள் ஒரே இடத்தில் துளையிட, ஆறாவது மட்டும் மூன்று அங்குலம் இடப்புறம் சென்றது. கலந்து சுட்டிருந்தால் என் கைநடுக்கம் என்றே நினைத்திருப்பேன். 50 கஜப் போட்டி இலக்கின் பத்து வளையம் 3.36 அங்குல அகலம் என்பதால், 25 கஜத்தில் அதில் பாதியான 1.68 அங்குலத்துக்குள் அடங்கும் துப்பாக்கியைத் தயங்காமல் வாங்கலாம்.

ஒரே மாநிலத்தவரே ஆனாலும், உரிமம் பெற்ற வணிகர் வழியாக, துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டாட்சி 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்புடன் கைமாற்றுங்கள். கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு அது தடையன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்போர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் முதலிய சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: வாங்கினால் அவர் தரும் தோலுறையிலேயே வைத்திருக்கலாமா? விசையை இலகுவாக்க வேண்டுமா?

பதில்: தோலுறை வேண்டாம். தோல் ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஹூஸ்டனின் புழுக்கத்தில் நீலப்பூச்சின் மேல் சில மாதங்களிலேயே துருப்புள்ளிகள் எழும். மெல்லிய எண்ணெய் பூசி, சிலிகா ஜெல்லுடன் பூட்டிய பெட்டகத்தில் வையுங்கள். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுங்கள். விசையைத் தொட வேண்டாம். கைப்பிடியின் முன்புறம் கீழே உள்ள திருகைத் தளர்த்தி அவர் ஏற்கெனவே இலகுவாக்கியிருந்தால், அதை முழுவதும் இறுக்குங்கள், இல்லாவிட்டால் தோட்டா வெடிக்காமல் போகும். தோட்டாக்களைப் பிடிக்கும் பிறைவடிவத் தகடுகளைக் கண்ணாடி மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடுகிற தகடு வளைந்தது, அதைத் தூக்கி எறியுங்கள்.